பனிமலைக்கு வாங்கிய வாக்கி டாக்கியும் நம்ம ஊர்க் கடலும்

என் பழைய மாணவ மாணவிகளே, சொந்தபந்தங்களே, கொஞ்சம் நீளமான பதிவு. டீ போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து படியுங்கள். கடலுக்குப் போகிறவர் வீட்டில் இருந்தால் அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

போன மாதம் என் தங்கை மகன் கனடாவிலிருந்து வந்திருந்தான். கால்கரியில் இருக்கிறான் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். குளிர்காலத்தில் பிள்ளைகளோடு பான்ஃப் மலைப்பக்கம் பனிச்சறுக்குக்குப் போவார்களாம். மலையில் ஆளுக்கொரு பாதையில் சறுக்கிப் போய்விடுவதால், யார் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ள நாலு வாக்கி டாக்கி வாங்கியிருக்கிறான். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், இப்போது அது அலமாரியில் கிடக்கிறது. பெட்டியோடு எடுத்து வந்து என் கையில் கொடுத்தான். "பெரியம்மா, உங்க லைட்ஹவுஸ் குப்பம் பசங்க கடலுக்குப் போறாங்களே, அவங்களுக்குக் கொடுங்க. முப்பத்தஞ்சு மைல் எடுக்கும்னு போட்டிருக்கு பாருங்க" என்றான். மனசு நல்ல மனசு. பெட்டியிலும் 35 மைல் என்றுதான் அச்சடித்திருந்தது. நம்ம கணக்கில் 56 கிலோமீட்டர்.

எனக்கு உடனே ஒரு பையன் ஞாபகம் வந்தான். பையன் என்கிறேன், அவனுக்கு நாற்பது தாண்டிவிட்டது. நாலாம் வகுப்பில் என்னிடம் படித்தவன். அப்போது பாலம் கிடையாது. பழவேற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, படகில் ஏரியைத் தாண்டித்தான் நான் பள்ளிக்கூடம் போவேன். புடவையை ஒரு கையிலும் செருப்பை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கும்போது, நோட்டுக் கட்டை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் ஓடுகிறவன் அவன்தான். பாடத்தில் சுமார். கடலைப் பற்றி எதைக் கேட்டாலும் எழுந்து நிற்பான்.

அவன் பெயரை எழுதவில்லை. அவன் குடும்பத்துக்கு நடந்ததை எழுத மட்டும் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

போன ஐப்பசியில் அவனும் இன்னும் மூன்று பேரும் ஃபைபர் படகில் போனார்கள். சாயங்காலம் திரும்ப வேண்டியவர்கள், இஞ்சின் நின்றுவிட்டது. போனை எடுத்தால் சிக்னல் இல்லை. கரை தெரியாத தூரத்தில் டவர் எடுக்காது என்று நமக்குத் தெரியும், ஆனாலும் எல்லோரும் போனை நம்பித்தான் போகிறோம். வாடைக் காலத்தில் இங்கே நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே இழுக்கும். படகு மெல்ல மெல்லத் தெற்கே போயிருக்கிறது. இருட்டிய பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகத்துப் பக்கம் வெளிச்சம் தெரிந்திருக்கிறது. வெளியில் நங்கூரம் போட்டு நிற்கும் பெரிய கப்பல்களின் விளக்குகளும் தெரிந்திருக்கின்றன. இவர்கள் டார்ச் அடித்தார்கள், சட்டையைக் கொளுத்திக் காட்டினார்கள், தொண்டை கிழியக் கத்தினார்கள். கப்பலில் இருப்பவனுக்குக் கீழே ஒரு சின்னப் படகு கத்துவது எங்கே கேட்கப் போகிறது? விடிந்த பிறகு தெற்கேயிருந்து வந்த இன்னொரு படகு பார்த்துக் கயிறு கட்டி இழுத்து வந்தது.

அந்த ராத்திரி அவன் மனைவி மணலில் உட்கார்ந்திருந்தாள். அவளும் என்னிடம் படித்தவள்தான். யாருக்குப் போன் போடுவது என்றுகூடத் தெரியாமல் எனக்குப் போன் போட்டாள். எனக்கும் தெரியவில்லை. முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்த எனக்கு அந்த நேரத்தில் "சாமியைக் கும்பிடு" என்பதைத் தவிர ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. அது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

அதனால்தான் கனடா பெட்டியைப் பார்த்ததும் அவனைக் கூப்பிட்டேன். மறுநாளே வந்தான். பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"டீச்சர், இதுல பேசினா அந்தக் கப்பல்காரனுக்குக் கேக்குமா?"

எனக்கு விடை தெரியவில்லை. என் தங்கை மகனுக்கும் தெரியவில்லை. சரக்குக் கப்பலில் அதிகாரியாக இருக்கும் இன்னொரு பழைய மாணவனுக்கு வாட்ஸ்அப்பில் கேள்வியை அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். இரண்டு நாள் கழித்து ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து கூப்பிட்டு ஒரு மணி நேரம் பாடம் நடத்தினான். நான் நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டேன். அவன் சிரித்தான், "டீச்சர், இப்ப நீங்க முதல் பெஞ்சு" என்று.

அவன் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன்.

ரேடியோவில் பேசுவது என்பது ஒரு அலைவரிசையில் பேசுவது. அதே அலைவரிசையைத் திறந்து வைத்திருப்பவனுக்கு மட்டும்தான் கேட்கும். கனடா பெட்டியில் இருந்தது 462, 467 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பேசும் கருவி. அங்கே குடும்பத்தோடு மலைக்கும் காட்டுக்கும் போகிறவர்கள் வைத்துக்கொள்வதற்காக அந்த அரசாங்கம் ஒதுக்கிய இடம் அது. கடலில் போகும் கப்பல்கள் பேசுவது 156 மெகாஹெர்ட்ஸ் தொடங்கி இருக்கும் விஎச்எஃப் மரைன் அலைவரிசையில். அதில் 16-ஆம் சேனல், அதாவது 156.8 மெகாஹெர்ட்ஸ், உலகம் முழுக்க ஆபத்துக்கும் கூப்பிடுவதற்கும் என்று வைத்திருக்கிறார்கள். கடலில் இருக்கும் பெரிய கப்பல்கள் முடிந்தவரை எந்நேரமும் அதைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. நம்ம கடலோரக் காவல் படையும் அதைக் கேட்கும்.

இதைக் கேட்டதும் எனக்குப் பேச்சே வரவில்லை. அன்று ராத்திரி இவர்கள் சட்டையைக் கொளுத்திக் காட்டிய ஒவ்வொரு கப்பலிலும் ஒரு ரேடியோ 16-ஆம் சேனலில் திறந்தே இருந்திருக்கும். காது இருந்தது. இவர்களிடம்தான் அந்தக் காதுக்குள் பேசும் வாய் இல்லை. கனடா வாக்கி டாக்கி நாலும் கையில் இருந்திருந்தாலும் ஒரு கப்பலுக்கும் கேட்டிருக்காது.

அடுத்தது அந்த 35 மைல். இதை நான் உங்களுக்கு ஏற்கெனவே பாடமாக நடத்தியிருக்கிறேன், ஞாபகம் இருக்கிறதா? பூமி உருண்டை என்பதற்கு என்ன சான்று? தூரத்தில் வரும் கப்பலின் கொடிமரம் முதலில் தெரியும், அப்புறம்தான் உடல் தெரியும். ஊரெல்லாம் இதை மனப்பாடம் செய்யும்போது நம்ம குப்பத்துப் பிள்ளைகள் மட்டும், "இது எங்களுக்குத் தெரியுமே டீச்சர், கடலுக்குள்ள போகப் போக முதல்ல மணல் முங்கும், அப்புறம் வீடு முங்கும், லைட்ஹவுஸ் கடைசியிலதான் முங்கும்" என்பார்கள். பாடப்புத்தகத்தை விட அழகான விடை.

ரேடியோ அலையும் இந்த வகையில் கண்பார்வை மாதிரிதான். ஏறக்குறைய நேர்க்கோட்டில் போகும், பூமியின் முதுகு மறைத்தால் நின்றுவிடும். கலங்கரை விளக்கத்தை ஏன் உயரமாகக் கட்டினார்கள்? அதே காரணம்தான் ரேடியோவுக்கும். கணக்கு சொல்கிறேன், நோட்டில் போட்டுப் பாருங்கள். ஆன்டெனா கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரமோ, அதன் வர்க்கமூலத்தை நாலால் பெருக்கினால் அலை எட்டக்கூடிய எல்லை ஏறக்குறைய கிலோமீட்டரில் கிடைக்கும். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகப் போட்டுக் கூட்ட வேண்டும். படகில் எழுந்து நின்று பிடித்தால் ஆன்டெனா இரண்டேகால் மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். வர்க்கமூலம் ஒன்றரை, நாலால் பெருக்கினால் 6 கிலோமீட்டர். எதிர்ப் படகிலும் அப்படியே நின்றால் 6-ம் 6-ம் 12. இருவரும் உட்கார்ந்துகொண்டு ஒரு மீட்டர் உயரத்தில் பேசினால் 8. ஒரு கப்பலின் ஆன்டெனா 25 மீட்டர் உயரத்தில் இருந்தால் அந்தப் பக்கம் 20, நம்ம பக்கம் 6, ஆக 26. இது உச்சக் கணக்கு. கையில் பிடிக்கும் சின்னக் கருவியில், அலை புரளும் நாளில், இதை விடக் குறைவாகத்தான் கிடைக்கும்.

அப்படியென்றால் அந்த 35 மைல் பொய்யா? முழுப் பொய் என்று சொல்ல முடியாது. மலை உச்சியில் ஒருவனும் பள்ளத்தாக்கில் ஒருவனும் நின்று, நடுவில் மரமோ பாறையோ எதுவும் இல்லாமல் இருந்தால் நெடுந்தூரம் போகும். பனிமலைக்காரனுக்கு உயரம் இலவசமாகக் கிடைக்கிறது. நமக்குக் கிடைப்பது நம்ம உடம்பின் உயரம் மட்டும்.

என் தங்கை மகனையும் குறை சொல்ல முடியாது. அவன் அவனுடைய இடத்துக்குச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறான். கையுறையோடு அழுத்தும்படி பெரிய பொத்தான் பார்த்து வாங்கியிருக்கிறான். குளிரில் பாட்டரி சீக்கிரம் இறங்கிவிடும் என்று கோட்டுக்கு உள்ளே வைத்துக்கொள்ளும் அளவில் எடுத்திருக்கிறான். விழுந்து அடிபட்டால் அங்கே மலையிலேயே ரோந்து வரும் ஆட்கள் உண்டு, வாக்கி டாக்கி அவர்களுக்காக அல்ல, "டீ குடிக்கும் இடத்துக்கு வா" என்று பிள்ளைகளைக் கூப்பிடுவதற்கு. அவன் பேச வேண்டியது அவன் குடும்பத்தோடு. என் மாணவன் பேச வேண்டியது முகம் தெரியாத ஒருவனோடு.

சட்டமும் இருக்கிறது. நம்ம நாட்டில் உரிமம் இல்லாமல் கையில் வைத்துப் பேசும் வாக்கி டாக்கிக்கு விட்டிருப்பது 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள சின்ன இடம்தான், அதுவும் குறைந்த சக்தியில். கனடா கருவியை இங்கே அழுத்திப் பேசுவதே தப்பு. ஆன்லைனில் "ஜோடி வாக்கி டாக்கி, 10 கிலோமீட்டர்" என்று கவர்ச்சியாகப் போட்டு விற்கிறார்களே, அதில் என்ன அலைவரிசை, உரிமம் வேண்டுமா வேண்டாமா என்று சொல்லாமலேயே நிறைய விற்றிருக்கிறார்கள். 2025-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பல விற்பனைத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பிய பிறகு அதற்கென்று வழிகாட்டு விதிகளே வந்தன. நம்ம பையனும் அப்படி ஒன்றை வாங்கக் கூடையில் போட்டு வைத்திருந்தான். நல்லவேளை, பணம் கட்டவில்லை.

மரைன் விஎச்எஃப் கருவிக்கும் அனுமதி வேண்டும். அதனால் கடைக்குப் போகும் முன் மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போங்கள். தமிழக அரசு இந்தக் கருவிகளை மானியத்தில் கொடுத்திருக்கிறது. இப்போது திட்டம் இருக்கிறதா, உங்கள் அளவுப் படகுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். படகுப் பதிவுப் புத்தகத்தின் நகலைக் கையோடு எடுத்துப் போங்கள், இரண்டு தடவை அலைய வேண்டாம். எங்கள் பையன் நாலு தடவை அலைந்தான்.

அவன் என்ன பார்த்து எடுத்தான் என்று கேட்டால், முதலில் 16-ஆம் சேனல் ஒரே அழுத்தில் வருகிறதா என்று பார்த்தான். இருட்டில், ஈரக் கையில், பயத்தில் அழுத்த வேண்டிய பொத்தான் அது. அப்புறம் ஐபிஎக்ஸ்7 குறி. ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் உள்ளே தண்ணீர் போகாது என்று அதற்கு அர்த்தம். ஆனால் தண்ணீர் போகாது என்பதும் மிதக்கும் என்பதும் வேறு வேறு! மூடி போட்ட எவர்சில்வர் சம்படத்திலும் தண்ணீர் போகாது, உள்ளே கனமாக எதையாவது வைத்தால் அடியில்தான் போய் உட்காரும். மிதக்கிற மாதிரியே கேட்டு வாங்கினான். சக்தி 5 வாட். கையில் பிடிக்கும் மரைன் கருவிகளில் வழக்கமாக உச்சம் அதுதான். படகில் பொருத்தும் பெரிய கருவி 25 வாட். ஆனால் அதற்குத் தனியாக 12 வோல்ட் பாட்டரியும் உயரமான ஆன்டெனாவும் வேண்டும். விசைப்படகுக்காரர்கள் அதைத்தான் வைக்க வேண்டும் என்பது என் கருத்து. கூரையில்லாத ஃபைபர் படகில் அது எத்தனை நாள் உப்புக்குத் தாங்கும் என்று அவனுக்குச் சந்தேகம், அதனால் கைக்கருவி. கூடவே, அவசரத்துக்குச் சாதாரண பென்சில் பாட்டரி போடும் தட்டு தனியாகக் கிடைக்கிற கருவியாகப் பார்த்தான். சிவப்புப் பொத்தானை அழுத்தினால் தானே ஆபத்துச் செய்தி போகும் வகையும் உண்டு, அதற்கு ஒன்பது இலக்க அடையாள எண் பதிவு செய்து வாங்க வேண்டும். விலையும் கூட. அதை இப்போதைக்கு விட்டுவிட்டான்.

அரசாங்கம் படகுகளில் இலவசமாகப் பொருத்தித் தரும் இஸ்ரோ தொழில்நுட்ப டிரான்ஸ்பாண்டர் இருக்கிறதே, அது போதாதா என்று சிலர் கேட்பீர்கள். 2017-இல் ஒக்கிப் புயலில் கன்னியாகுமரிக் கடற்கரையே அழுத பிறகுதான் இதெல்லாம் வேகம் பிடித்தது. 2024 ஆகஸ்டில் நாடு முழுக்க ஒரு லட்சம் படகுகளுக்கு 364 கோடி ரூபாயில் தொடங்கிய திட்டம் அது. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி போகும், புயல் எச்சரிக்கை வரும், டவர் எடுக்காத தூரத்திலும் எடுக்கும். கிடைத்தால் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அதில் போவது எழுத்துச் செய்தி. கண்ணெதிரே நிற்கும் கப்பல்காரனை வாய்விட்டுக் கூப்பிடுவதற்கு ரேடியோதான்.

கருவி வந்ததும் எனக்கு ஒரே ஆசை. "என்னையும் கூட்டிட்டுப் போ" என்றேன். லைஃப் ஜாக்கெட் போட்டால்தான் என்றான். நான் அவனுக்குச் சொல்ல வேண்டியதை அவன் எனக்குச் சொன்னான். முகத்துவாரத்துக்கு உள்ளே அமைதியான தண்ணீரில் ஒரு படகில் அவனோடு நான், அவன் மச்சான் இன்னொரு கருவியோடு கடலுக்குள். 16-ஐத் தொடக்கூடாது, அது ஆபத்துக்கு, சோதனைக்கு வேறு சேனல். உட்கார்ந்துகொண்டு பேசினால் ஒரு தூரத்துக்கு மேல் வெறும் கரகரப்பு. அவன் எழுந்து நின்று கையை நேராகத் தூக்கிப் பிடித்தான், மச்சான் குரல் மறுபடி வந்தது. கருவியைச் சாய்த்தால் போகிறது, நிமிர்த்தினால் வருகிறது. வர்க்கமூலம் எல்லாம் அவனுக்கு வேண்டியிருக்கவில்லை, "லைட்ஹவுஸ் மாதிரி நிக்கணும் டீச்சர், அவ்வளவுதானே" என்றான்.

பேசும் முறையும் பழக வேண்டியிருந்தது. பொத்தானை அழுத்தியிருக்கும்போது நாம் பேசலாம், கேட்க முடியாது. விட்டால்தான் எதிராளி குரல் வரும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் அழுத்தினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. என் வகுப்பில் கை தூக்காமல் பேசினால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும், அதே கதைதான். ஆபத்து என்றால் 16-இல் "மேடே" என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். பிரெஞ்சு மொழியில் "எனக்கு உதவுங்கள்" என்பதிலிருந்து வந்த சொல் அது. பிறகு படகின் பெயர், ஐஎன்டி டிஎன் என்று தொடங்கும் பதிவு எண், ஜிபிஎஸ்ஸில் காட்டும் இடம், என்ன கோளாறு, எத்தனை பேர். உயிருக்கு ஆபத்தில்லை, இஞ்சின்தான் நின்றிருக்கிறது என்றால் "பான் பான்" என்று மூன்று தடவை. இதை ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். கப்பல்காரன் வெளிநாட்டான் என்றால்? அதனால் அடுத்த பக்கத்தில் அதையே ஆங்கில உச்சரிப்பில், தமிழ் எழுத்தில். பிளாஸ்டிக் உறை போட்டு ஐஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறான்.

கரைக்கு வந்ததும் கருவியை நல்ல தண்ணீரில் கழுவித் துணியால் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் சார்ஜ் ஏறும் இடத்தில் உப்புப் பூத்துவிடும். இது அவன் மகள் வேலை. ஆறாம் வகுப்பு படிக்கிறாள், யாரையும் தொட விடுவதில்லை.

அவன் மனைவிக்கு மட்டும் இதில் ஒரு மனக்குறை. "அவர் கப்பல்காரனோட பேசுவார், நான் யாரோட பேசறது டீச்சர்?" என்றாள். நியாயம்தானே. கரையில் வீட்டுக்கு வீடு இந்தக் கருவி வைத்துப் பேசுவதற்கு அனுமதி கிடையாது. அவளுக்கு நான் தந்தது இரண்டு போன் எண்கள். கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் காவல் குழுமத்துக்கு 1093. இரண்டும் கட்டணமில்லாதவை. அந்த ராத்திரி எனக்குத் தெரியாமல் போன எண்கள். சமையலறைச் சுவரில், பால் கணக்கு எழுதும் இடத்துக்குப் பக்கத்தில், நானே நாற்காலி போட்டு ஏறிப் பெயின்டில் எழுதினேன். கரும்பலகை எழுத்து இன்னும் கோணவில்லை.

கால்கரி மாப்பிள்ளைக்கு ஒரு வார்த்தை. பெரியம்மா உன் பரிசை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதே. நீ கொண்டுவந்ததால்தான் இத்தனையும் நடந்தது. நாலு கருவியும் பாட்டரி கழற்றி அதே பெட்டியில் பத்திரமாக இருக்கிறது, அடுத்த தடவை வரும்போது எடுத்துப் போய் அங்கே யார் பிள்ளைகளுக்காவது கொடு. பெட்டியில் இடம் மிச்சம் இருக்கிறது. என் மாணவன் மனைவி உனக்கென்று நெத்திலிக் கருவாடு தருவதாகச் சொல்லியிருக்கிறாள், விமானத்தில் விடுவார்களா என்று மட்டும் விசாரித்துச் சொல்.